கமிஷன் பத்து சதவீதம், மனசாட்சி இலவசம்

"அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான் இருந்தாங்க."

அமெரிக்காவை உருவாக்கிய பெரியவர்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். வாஷிங்டன் அடிமைகள் வைத்திருந்தாரே? அந்தக் காலம் அப்படி. ஜெபர்சன்? அந்தக் காலம் அப்படி. கூடவே ஓர் இலவச இணைப்பும் வரும்: "ஆனா உள்ளுக்குள்ள ரொம்ப வருத்தப்பட்டாங்க, தெரியுமா?"

இந்தப் பதிவு அந்த இலவச இணைப்பைப் பற்றியதுதான். உள்ளுக்குள்ளே வருத்தப்பட்டவருக்கு எத்தனை மார்க் போடலாம்? என் பதில் சுழியம். படித்துவிட்டுப் பின்னூட்டத்தில் வந்து திட்டுங்கள்.

வாஷிங்டனையும் ஜெபர்சனையும் ஆளாளுக்கு அடித்துத் துவைத்தாயிற்று. அதனால் நம்மூரில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். பெயர் ஹென்றி லாரன்ஸ். தெற்கு கரோலினாக்காரர். வியாபாரி, பெரிய தோட்ட முதலாளி, அரசியல்வாதி. 1777 நவம்பரிலிருந்து 1778 டிசம்பர் வரை கான்டினென்டல் காங்கிரஸின் தலைவர். பிரிட்டனை எதிர்த்துப் போராடிய 13 காலனிகளுக்கும் பொதுவான சபை அது. அமெரிக்காவின் முதல் அரசியல் சாசனம் என்று சொல்லத்தக்க கூட்டமைப்பு விதிகளை அந்தச் சபை 1777 நவம்பர் 15-ல் ஏற்றபோது தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். தெற்கு கரோலினாவில் லாரன்ஸ் மாவட்டம் என்றே ஒன்று இருக்கிறது.

பி.காம் படிக்கிறவனுக்கு அமெரிக்க வரலாற்றில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. இந்த மனிதரின் வாழ்க்கை முழுக்கக் கணக்குப் புத்தகம்தான். வரலாற்று ஆசிரியர்கள் அவருடைய கடிதங்களைப் படித்து உருகுகிறார்கள். நாம் பேரேட்டைத் திறந்து பார்ப்போம்.

முதலில் வரவுப் பக்கம்

லாரன்ஸ் 1724-ல் சார்ல்ஸ்டன் நகரத்தில் பிறந்தவர். அவருடைய முன்னோர்கள் பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி ஓடிவந்த ஹியூகனாட் புராட்டஸ்டன்டுகள். அப்பா குதிரைச் சேணம் செய்து விற்றுப் பணம் சேர்த்தவர். மகனை லண்டனுக்கு அனுப்பி வியாபாரம் கற்றுக்கொள்ள வைத்தார். 1747-ல் அப்பா இறந்த பிறகு ஊரில் தங்கிய மகன், ஜார்ஜ் ஆஸ்டின் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கடை போட்டார். ஆஸ்டின் அண்ட் லாரன்ஸ். பிறகு ஆப்பிள்பி என்ற மூன்றாவது கூட்டாளியும் சேர்ந்தார்.

என்ன வியாபாரம்? அரிசி, அவுரி, ரம், மான்தோல்... அப்புறம் மனிதர்கள்.

வட அமெரிக்கக் காலனிகளில் மிகப் பெரிய அடிமை வியாபாரக் கம்பெனிகளில் அது ஒன்று. 1750-களில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் விற்பனை அவர்கள் கை வழியாக நடந்தது. ஒரு நடுத்தர ஊராட்சியின் மக்கள்தொகை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வியாபார முறையையும் பார்த்துவிடலாம். நாங்கள் படிக்கிற பாடம்தான். சரக்கு அனுப்புகிறவர் வேறு, விற்றுக் கொடுக்கிற முகவர் வேறு. முகவருக்குச் சரக்கு சொந்தமில்லை, கமிஷன்தான் வருமானம். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய சியரா லியோனில், பன்ஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு கோட்டை. உள்நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களை அடைத்து வைத்துக் கப்பலேற்றும் கிடங்கு அது. 1748-லிருந்து ரிச்சர்ட் ஆஸ்வால்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் அதன் முதலாளிகள். லண்டனில் உட்கார்ந்துகொண்டு நடத்தினார்கள். அவர்களுடைய சார்ல்ஸ்டன் முகவர் லாரன்ஸ். கமிஷன் 10 சதவீதம்.

ஆஸ்வால்ட் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

பன்ஸ் தீவிலிருந்து ஏன் சார்ல்ஸ்டனுக்கு? காரணம் நெல். தெற்கு கரோலினாவின் செல்வமெல்லாம் சதுப்பு நிலத்து நெல்லிலிருந்து வந்தது. சியரா லியோன் பகுதி மக்களோ தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்டு வந்தவர்கள். வாய்க்கால் வெட்ட, நாற்று வளர்க்க, குத்திப் புடைக்கத் தெரிந்தவர்கள். சந்தையில் அவர்களுக்குக் கிராக்கி. ஆஸ்டின், லாரன்ஸ், ஆப்பிள்பி கம்பெனி 1760-ல் கொடுத்த ஒரு பத்திரிகை விளம்பரம் இன்றைக்கும் இருக்கிறது. கப்பலின் பெயரே பன்ஸ் தீவு. மே 6, செவ்வாய்க்கிழமை விற்பனை. நெல் கரையிலிருந்து சுமார் 250 பேர் வந்திருக்கிறார்கள், நல்ல ஆரோக்கியமானவர்கள், ஊரில் அம்மை பரவுவதால் யாரையும் கப்பலுக்குள் விடாமல் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று உத்தரவாதம் வேறு. முட்டைப் பண்ணைக்காரர் கோழிக்குச் சீக்கு இல்லை என்று சொல்வது மாதிரி.

வியாபாரக் கடிதங்களில் தரவாரியாகப் பிரித்தும் எழுதுவார்கள். காம்பியா ஆட்கள் முதல் தரம், இன்ன துறைமுகத்து ஆட்கள் இங்கே விலை போகாது, உயரமான இளைஞர்களாகப் பார்த்து அனுப்பவும். பொன்னி, ஐ.ஆர். எட்டு என்று நெல் மண்டியில் தரம் பிரிக்கிறோமே, அதே தொனி.

8,000 என்பது பெரிய எண். பெரிய எண்ணுக்கு முகம் கிடையாது. அதனால் ஒரே ஒரு பதிவைப் பார்ப்போம்.

1756-ல் ஹேர் என்ற கப்பல் சியரா லியோனிலிருந்து சார்ல்ஸ்டன் வந்தது. சரக்கை விற்றுக் கொடுத்தது ஆஸ்டின் அண்ட் லாரன்ஸ். வாங்கியவர்களில் ஒருவர் எலியாஸ் பால் என்ற தோட்டக்காரர். லாரன்ஸின் மனைவி எலினாருக்குச் சகோதரர் முறை, அதாவது லாரன்ஸுக்கு மச்சான். மச்சான் அன்றைக்கு நான்கு பையன்களையும் இரண்டு பெண்களையும் வாங்கினார். எல்லாருமே குழந்தைகள். தன் கணக்கில் விலையை எழுதி, பார்வைக்குத் தெரிந்த வயதைக் குத்துமதிப்பாக எழுதி, தானாக ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் எழுதி வைத்தார். அதில் ஒரு பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் பிரிசில்லா. வயது 10.

அவள் அம்மா அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பதற்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை.

பிரிசில்லா 1811 வரை வாழ்ந்தாள், அடிமையாகவே செத்தாள். தோட்டக் கணக்குகள் அழியாமல் இருந்ததால், பால் குடும்பத்து வாரிசு ஒருவரே அந்தக் காகிதங்களைத் தோண்டியெடுத்து 1998-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் வழியாக பிரிசில்லாவின் வம்சாவளி தெரியவந்தது. ஏழாவது தலைமுறையில் பிறந்த ஒரு பெண் 2005-ல் சியரா லியோன் போய்வந்தார். கப்பல் கணக்கு, விற்பனைக் கணக்கு, தோட்டக் கணக்கு மூன்றும் ஒரே பெயருக்குத் தொடர்ச்சியாகக் கிடைப்பது அபூர்வம். மற்ற 8,000 பேரில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

அந்த 10 வயதுப் பெண்ணின் விலையிலும் கம்பெனிக்குக் கமிஷன் உண்டு. கூட்டாளிகள் பங்கு பிரித்திருப்பார்கள். பதிவு முடிந்தது, அடுத்த சரக்கு.

இப்போது கடிதம்

லாரன்ஸ் 1760-களில் அடிமை இறக்குமதித் தொழிலை மெல்ல மெல்ல விட்டார். சேர்த்த பணத்தை நிலத்தில் போட்டார். 1762-ல் கூப்பர் ஆற்றங்கரையில் மெப்கின் என்ற தோட்டத்தை வாங்கினார். பிறகு ஜார்ஜியா வரை தோட்டங்கள். விற்பதை நிறுத்தியவர் வைத்துக்கொள்வதை நிறுத்தவில்லை. வணிகவியலில் இதற்குப் பெயர் திருந்துவது அல்ல. இருப்புச் சரக்கை நிலைச்சொத்தாக மாற்றிக் காட்டுவது.

1776 ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம். சரியாக 41 நாள் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த தன் மூத்த மகன் ஜானுக்கு லாரன்ஸ் ஒரு கடிதம் எழுதினார். வரலாற்றுப் புத்தகங்கள் கொண்டாடுகிற கடிதம் இதுதான். அடிமைமுறையை நான் வெறுக்கிறேன் மகனே என்று அதில் எழுதினார். உண்மையாகவே எழுதினார், ஒத்துக்கொள்கிறேன். தெற்கு கரோலினாவின் முதல் வரிசைப் பணக்காரர் ஒருவர் 1776-ல் அப்படி எழுதுவது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் கடிதத்தை முழுசாகப் படிக்க வேண்டும் இல்லையா?

அதே கடிதத்தில் தன் அடிமைகளை நாளைக்கே ஏலம் விட்டால் 20,000 பவுன் ஸ்டெர்லிங் வரும் என்று மதிப்புப் போட்டுக் காட்டுகிறார். வெறுப்பைச் சொல்கிற கடிதத்திலேயே சொத்து மதிப்பீடு! இவர்களை அடிமையாக்கியது நான் இல்லை, ஆங்கிலேயர்கள் என்கிறார். விடுதலை கொடுக்க வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன், நாட்டின் சட்டமும் வழக்கமும் குறுக்கே நிற்கின்றன, என்னுடைய பேராசையும் ஊர்க்காரர்களின் பேராசையும் குறுக்கே நிற்கின்றன என்கிறார். இவ்வளவு சொத்தைப் பறித்தால் என் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்றும் கேட்கிறார்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அடிமையாக்கியது ஆங்கிலேயர்." யார் அந்த ஆங்கிலேயர்? பன்ஸ் தீவின் முதலாளி ஆஸ்வால்ட் மாதிரி ஆட்கள். அவர்களுக்கு இந்தக் கரையில் கடை விரித்தது யார்? விளம்பரம் கொடுத்தது யார்? வாங்குகிறவன் இல்லாமல், விற்றுக் கொடுக்கிறவன் இல்லாமல், ஏற்றி அனுப்புகிறவன் மட்டும் எப்படி வியாபாரம் செய்வான்? பத்து சதவீதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பாவத்தில் மட்டும் நூறு சதவீதத்தையும் எதிராளியின் கணக்கில் எழுதுவதை எந்தத் தணிக்கையாளர் ஒத்துக்கொள்வார்?

"சட்டம் குறுக்கே நிற்கிறது." முதலாளி தன் இஷ்டப்படி அடிமையை விடுவிப்பதற்குத் தெற்கு கரோலினா கடிவாளம் போட்டது 1800-ல். சட்டசபை அனுமதி இல்லாமல் முடியவே முடியாது என்று ஆனது 1820-ல். லாரன்ஸ் 1792-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பேனாவைப் பிடித்து நிறுத்திய பூட்டு எதுவும் அப்போது இல்லை.

"வழக்கம் குறுக்கே நிற்கிறது." இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். லாரன்ஸின் மகள் ஒருத்தி குழந்தையாக இருந்தபோது அம்மை கண்டு இறந்துவிட்டாள் என்று எடுத்து வைத்தார்கள். ஆனால் உயிர் இருந்தது, பிழைத்துக்கொண்டாள். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் லாரன்ஸுக்கு அப்புறம் போகவே இல்லை. அதனால் தன் உடலைப் புதைக்கக் கூடாது, எரிக்க வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்தார். நமக்கு அது சாதாரணம். அன்றைய அமெரிக்கக் கிறிஸ்தவர்களுக்கு அது கேள்விப்படாத கொடுமை. ஆனாலும் பிள்ளைகள் எரித்தார்கள். அமெரிக்காவில் வெள்ளையர் ஒருவருக்கு நடந்த ஆரம்பகாலத் தகனங்களில் ஒன்று என்று அது பதிவாகியிருக்கிறது.

தன் உடம்புக்கு ஒன்று என்றால் ஊர் வழக்கமாவது ஒன்றாவது! ஒரே ஒரு வரியில் உடைத்துவிட்டார். மற்றவர்களின் உடம்பு என்றபோதுதான் வழக்கம் மலையாகக் குறுக்கே நின்றது.

மகன் நம்பினான்

இந்தக் கதையில் கடிதத்தை உண்மை என்று நம்பிய ஒரே ஆள் மகன் ஜான் லாரன்ஸ். ஹாமில்டன் என்ற 2015-ம் வருட இசை நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்து வாஷிங்டனின் உதவி அதிகாரியாகப் போரில் சேர்ந்தவர்.

1778 ஜனவரியில், 23 வயதில், அப்பாவுக்கு ஒரு யோசனை எழுதினார். எனக்கு வரவேண்டிய சொத்தில் நீங்கள் விட்டுவைக்கப் போகும் அடிமைகளில் திடமானவர்களை இப்போதே கொடுங்கள். அவர்களைப் படைவீரர்கள் ஆக்குகிறேன், போர் முடிந்ததும் அவர்கள் சுதந்திர மனிதர்கள். அப்பா அப்போது காங்கிரஸ் தலைவர். "பிள்ளைகள் என்ன சொல்வார்கள்" என்று கேட்டிருந்தாரே, மூத்த பிள்ளை சொல்லிவிட்டான்: எனக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று. அந்தக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்த அப்பாவுக்குக் கிடைக்கும்? ஆனால் அப்பா தயங்கினார், தள்ளிப்போட்டார், நடைமுறைச் சிக்கல்களை அடுக்கினார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் படை தெற்கே இறங்கி வந்த பிறகு, 1779-ல், லாரன்ஸ் மகனின் திட்டத்தை ஆதரித்தார். மார்ச் 29 அன்று காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டது. தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் சம்மதித்தால் 3,000 கறுப்பர்களைப் படையில் சேர்க்கலாம், முதலாளிகளுக்கு நஷ்டஈடு, போர் முடிவில் வீரர்களுக்கு விடுதலையும் 50 டாலரும். தெற்கு கரோலினா சட்டசபை காறித் துப்பாத குறையாக நிராகரித்தது. ஜான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார், திரும்பத் திரும்பத் தோற்றார். 1782 ஆகஸ்ட் 27-ல் போர் ஏறக்குறைய முடிந்துவிட்ட நேரத்தில், கம்பாஹி ஆற்றங்கரையில் ஒரு சின்ன மோதலில் குண்டடிபட்டு இறந்தார். வயது 27.

மூன்று மாதம் கழித்து

மகன் இறந்தபோது அப்பா ஐரோப்பாவில். 1780-ல் ஹாலந்துக்குத் தூதராகக் கடலில் போனபோது பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து லண்டன் கோபுரத்தில் 15 மாதம் அடைத்தார்கள். உடம்பு கெட்டது. காவல்காரர்களின் செலவுக்கே அவரிடம் பில் நீட்டினார்கள், கொடுக்க மறுத்தார். மனிதனைப் பூட்டி வைத்துவிட்டு அதற்கான செலவை அவன் தலையிலேயே கட்டுவதன் அநியாயம் அவருக்கு நன்றாகவே புரிந்தது.

1781 கடைசி நாளில் ஜாமீனில் வெளியே வந்தார். ஜாமீன் நின்றது யார் தெரியுமா? நம்ம ஆஸ்வால்ட்! பன்ஸ் தீவு முதலாளி. பழைய வியாபார நட்பு. பிறகு லாரன்ஸுக்கு மாற்றாக, யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபு விடுவிக்கப்பட்டார். ஆமாம், நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே காரன்வாலிஸ்தான். 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கி, 1793-ல் வங்காளத்தில் ஜமீன்தாரி நிலவரித் திட்டத்தை நிலைநாட்டியவர். விட்டுக் கொடுத்தால் எங்கெல்லாம் போய் முளைக்கிறார்கள் பாருங்கள் :-)

1782 நவம்பர். பாரிஸில் சமாதானப் பேச்சு. அமெரிக்கா பக்கம் ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜே. மகனின் சாவுச் செய்தியை அந்த மாதம்தான் கேட்டிருந்த லாரன்ஸ் கடைசி நேரத்தில், 29-ந் தேதி, வந்து சேர்ந்தார். மறுநாள் கையெழுத்து. பிரிட்டன் சார்பில் எதிரே உட்கார்ந்திருந்தவர் யார்? மறுபடியும் ஆஸ்வால்ட். ஒரு நாட்டின் விடுதலைப் பத்திரத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டவர்களில் பழைய அடிமை வியாபாரக் கூட்டாளிகள் இரண்டு பேர். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

பேச்சு எல்லாம் முடிந்துவிட்டது. லாரன்ஸ் சேர்க்கச் சொன்னது ஒரே ஒரு விஷயம். பிரிட்டிஷ் படை வெளியேறும்போது அமெரிக்கர்களின் நீக்ரோக்களையோ வேறு சொத்துகளையோ எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இது லாரன்ஸின் யோசனை என்று ஜான் ஆடம்ஸின் நாட்குறிப்பே சொல்கிறது. ஆஸ்வால்ட் உடனே சம்மதித்தார். ஏன் மாட்டார்? ஒப்பந்தத்தின் 7-வது பிரிவில் அது ஏறியது.

போரின்போது பிரிட்டிஷ் பக்கம் வந்துவிட்டால் விடுதலை என்ற வாக்குறுதியை நம்பி ஆயிரக்கணக்கான அடிமைகள் தோட்டங்களிலிருந்து ஓடிப்போயிருந்தார்கள். அவர்களைத் திருப்பிப் பிடிக்கத்தான் இந்த வரி. மகன் எந்த மனிதர்களுக்கு விடுதலை வாங்கித் தர நான்கு வருடம் போராடினானோ, அதே மனிதர்களை அவன் செத்து மூன்று மாதத்தில் சொத்துப் பட்டியலில் எழுதிக் கொடுத்தார் அப்பா.

ஆகஸ்ட் 1776 கடிதத்தை மேற்கோள் காட்டுகிற பெரியவர்களே, நவம்பர் 1782 பிரிவையும் சேர்த்துக் காட்டுங்கள். முன்னது மகனுக்கு எழுதிய தனிக் கடிதம். பின்னது சட்டம். முன்னதால் ஒரு தோட்டத்தின் கதவுகூடத் திறக்கவில்லை. பின்னதால் ஆயிரக்கணக்கானவர்களின் தலைக்கு மேலே கத்தி தொங்கியது.

மிகைப்படுத்தவில்லை. பாஸ்டன் கிங் என்று ஒருவர். சார்ல்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து திருடி வரப்பட்டவர் அவருடைய அப்பா. இவர் பிரிட்டிஷாரிடம் தப்பி ஓடி, எப்படியெப்படியோ நியூயார்க் போய்ச் சேர்ந்திருந்தார். ஒப்பந்தச் செய்தி வந்ததும் பழைய முதலாளிகள் நியூயார்க் தெருக்களில் ஆள் தேட வந்துவிட்டார்கள், நாங்கள் சோறு தண்ணி இல்லாமல் தூக்கம் இல்லாமல் நாள்கணக்கில் தவித்தோம் என்று பிற்பாடு எழுதினார். அந்தத் தவிப்புக்குக் காரணமான வரி யாருடையது என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்ன!

நல்லவேளையாக நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன் ஒத்துழைக்கவில்லை. 1783 மே மாதம் வாஷிங்டனே நேரில் வந்து கேட்டும், வாக்குக் கொடுத்தவர்களைத் திருப்பித் தர முடியாது என்றார். வேண்டுமானால் பின்னால் பணமாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, போகிறவர்களின் பெயர், வயது, பழைய முதலாளி எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதச் சொன்னார். 3,000 பெயர்கள். பாஸ்டன் கிங் பெயரும் அதில் இருக்கிறது. கப்பல் அவர்களை நோவா ஸ்கோஷியாவுக்குக் கொண்டுபோனது.

"எல்லாருமே அப்படித்தான்"?

இப்போது முதல் வாக்கியத்துக்குத் திரும்பலாம். எல்லாருமே அப்படித்தானா?

பென்சில்வேனியா 1780-லேயே படிப்படியான விடுதலைச் சட்டம் கொண்டுவந்தது. பிலடெல்பியா குவேக்கர்கள் அடிமை வைத்திருக்கிறவர்களைச் சபையை விட்டு நீக்க 1776-ல் முடிவெடுத்தார்கள். "அவங்க எல்லாம் வடக்கத்திக்காரங்க, தோட்ட முதலாளி இல்லை" என்பீர்கள். சரி, வர்ஜீனியாவின் ராபர்ட் கார்ட்டர். லாரன்ஸுக்குச் சமமான, ஏன், அவரைவிடப் பழைய பணக்காரக் குடும்பம். 1791-ல் நீதிமன்றத்தில் ஒரு பத்திரம் தாக்கல் செய்தார். 450-க்கும் மேற்பட்ட அடிமைகளின் பெயர்களை வரிசையாக எழுதி, வருடாவருடம் இத்தனை பேர் என்று விடுவிக்கும் அட்டவணை போட்டார். அக்கம்பக்கத்து முதலாளிகள் கொதித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. தெற்குக்காரர், தோட்ட முதலாளி, பணக்காரர், அதே காலம்.

அப்புறம், "எல்லாரும்" என்கிற கணக்கில் பிரிசில்லா உண்டா? பாஸ்டன் கிங் உண்டா? அவர்களும் அந்தக் காலத்து ஆட்கள்தானே? அடிமைமுறை தப்பு என்பது அவர்களுக்கு எப்போதுமே தெரியும். "அந்தக் காலத்தில் எல்லாரும்" என்று சொல்லும்போது முதலாளிகளை மட்டுமே மனிதர்களாக எண்ணுகிறோம். அந்த வாக்கியத்தை நான் மலிவானது என்று நினைக்கக் காரணம் இதுதான்.

லாரன்ஸுக்குத் தப்பு என்று தெரியாது என்றால்கூட ஏதோ பேசலாம். தெரிந்திருந்தது. எழுதியும் வைத்தார். தெரியாமல் செய்தவனைவிடத் தெரிந்து செய்தவனுக்கு அதிக மரியாதை கொடுப்பது வரலாற்றுப் புத்தகத்தில் மட்டும்தான் நடக்கும். கோர்ட்டில் நடக்காது.

கணக்குப் பதிவியலில் முதல் வருடமே சொல்லிக் கொடுக்கிற விதி ஒன்று உண்டு. முன்னெச்சரிக்கை விதி. வரப்போகிற நஷ்டத்துக்கு இன்றே ஒதுக்கு வை, ஆனால் வரப்போகிற லாபத்தைக் கைக்கு வரும்வரை வரவு வைக்காதே. நோக்கம், எண்ணம், உறுதி எதுவும் பேரேட்டில் ஏறாது. லாரன்ஸ் விஷயத்தில் வரலாற்று ஆசிரியர்கள் பலர் இந்த விதியைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். வராத விடுதலையை வரவு வைத்துவிட்டு, வந்த கமிஷனை அடிக்குறிப்பில் போடுகிறார்கள்.

கடிதத்துக்குப் பிறகு லாரன்ஸ் 16 வருடம் வாழ்ந்தார். அதில் கடைசி ஏழெட்டு வருடம் மெப்கின் தோட்டத்தில் ஓய்வாக. விடுவித்தது ஏதோ ஒருசிலரை. மற்றவர்கள் நூற்றுக்கணக்கில், அவர் கண்ணை மூடிய 1792 டிசம்பர் 8 அன்றும் அதே வயலில்தான். நெல் வயலில் ஒரு தலைமுறை எவ்வளவு சீக்கிரம் செத்துப்போகும் என்பது முகவராக இருந்தவருக்குத் தெரியாததா? ஒவ்வொரு வருடமும் புதுக் கப்பலுக்குக் கிராக்கி வந்ததே அதனால்தானே.

அதே 1792 மார்ச்சில் நோவா ஸ்கோஷியாவிலிருந்து 15 கப்பல்களில் சுமார் 1,200 பேர் ஆப்பிரிக்கா போய் இறங்கினார்கள். இறங்கிய இடம் சியரா லியோன். அங்கே அவர்கள் கட்டிய ஊருக்கு ஃப்ரீடவுன் என்று பெயர். பாஸ்டன் கிங்கும் அவர்களில் ஒருவர். அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தார். அந்த ஊரிலிருந்து ஆற்றோடு கொஞ்ச தூரம் மேலே போனால் பன்ஸ் தீவு. அது அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. பிரிட்டன் 1807-ல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும்வரை நடந்தது.

சொத்துப் பட்டியலில் எழுதப்பட்ட மனிதர்கள் தாங்களாகவே நடந்துபோய், பெயர் கொடுத்து, கப்பலேறி, ஒரு நகரத்தைக் கட்டிவிட்டார்கள். மெப்கினில் இருந்த பெரியவர் இன்னும் வழி யோசித்துக்கொண்டிருந்தார்.

யாராவது அடுத்த முறை "உள்ளுக்குள்ள ரொம்ப வருத்தப்பட்டார்" என்று ஆரம்பித்தால், ஒன்றே ஒன்று கேளுங்கள். எத்தனை பேரை விடுவித்தார்? எண்ணிக்கை சொல்லட்டும். அப்புறம் வருத்தத்தைப் பற்றிப் பேசலாம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகப் பின்னூட்டத்துக்கு வாருங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.